மயக்க மருந்து: அளவும் ஆழமும்

கேள்வி: என் 2 வயது மகனுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். தூங்க வைக்க மருந்து கொடுப்பார்களாம். முதல் முறை தூங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும், மருந்தை மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும்.

அளவை எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். வாய்வழி மிடசோலம் என்ற தூக்க மருந்து பொதுவாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 12 கிலோ குழந்தைக்கு 6 மில்லிகிராம். ஆனால் அதே அளவில் ஒரு குழந்தை லேசாகச் சொக்கும், இன்னொன்று அயர்ந்து தூங்கும், சில குழந்தைகள் தூங்காமல் அழுது அடம்பிடிக்கும். குடித்த மருந்து வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு மறுபடி கொடுத்தால் இரண்டு அளவும் சேர்ந்து மயக்கம் ஆழமாகிவிடும்.

லேசான மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இடையே சுவர் கிடையாது. மயக்கம் ஆழமானால் நாக்கு பின்சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். சிறு குழந்தைகளுக்கு ஆக்சிஜன் கையிருப்பு குறைவு என்பதால் ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று இறங்கும். அதனால்தான் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி, பக்கத்திலேயே ஒருவர் கவனிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை: அன்றைய எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். சளி, குறட்டை, ஒவ்வாமை, மற்ற மருந்துகள் எதையும் மறைக்காதீர்கள். வழக்கமாகத் தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, மற்ற பாலுக்கும் உணவுக்கும் 6 மணி நேர இடைவெளி தேவை. ஸ்கேன் முடிந்து இயந்திரத்தின் சத்தமும் நின்றபின் தூக்கம் இன்னும் ஆழமாகலாம். குழந்தை நன்றாக விழித்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். வழியில் தலை முன்னால் கவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.