ஜாபைத் திருப்பிப் போட்ட பிறகு

தங்கச்சி, பழவந்தாங்கலில் ரயிலேறினால் பரங்கிமலைக்கு அடுத்தது கிண்டி. 1958-ல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில், ப்ரோப்பால் தொட்டு அளக்கிற சி.எம்.எம். மெஷின் அறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். ஒரே பக்கம் அளக்கிற ஜாப் சீக்கிரம் கைக்குப் பழகிவிடும். பாதி அளந்தபின் திருப்பிப் போடுகிற ஜாப்தான் ஆளைத் திணறடிக்கும். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், திருப்பாமல் முடிக்க வழியிருக்கிறதா என்று பார். தூண் வைத்து ஜாபை உயர்த்தி, ப்ரோப் தலையைச் சாய்த்து, ஸ்டார் ஸ்டைலஸ் மாட்டினால் பல ஹவுசிங்குகளை ஒரே பிடிப்பில் அளந்துவிடலாம். பிக்ஸ்சருக்குச் செலவாகும் ஒரு மணி நேரம் வீண் இல்லை.

திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால் சிக்கல் எங்கே வருகிறது என்று புரிந்துகொள். டிராயிங்கில் ஏ டேட்டம், அதாவது அளவுகளுக்கு ஆதாரமான முகம், அடிமுகம் என்று வை. திருப்பும் முன் அது மேலே இருந்தது. மூன்று புள்ளியில் அந்தத் தளம், இரண்டு புள்ளியில் ஒரு கோடு, ஒரு புள்ளியில் தொடக்கம் என்று 3-2-1 அலைன்மென்ட் எடுத்துவிட்டாய். திருப்பியதும் ஏ முகம் மெஷினின் கிரானைட் மேசையைப் பார்த்துக் கிடக்கும், ப்ரோப் தொட முடியாது. மறுபக்க முகத்தைப் புது டேட்டமாக எடுத்து அளந்தால் ரிப்போர்ட் வரும். ஆனால் இரண்டு பக்கத்துத் துளைகளுக்கும் உள்ள உறவு அதில் இருக்காது. வாங்குபவர் கேட்பது அந்த உறவைத்தான்.

ஆகவே இரண்டு நிலையிலும் தொட முடிகிற மூன்று டூலிங் பால், அதாவது துல்லியமான உருண்டைகள், வேண்டும். ஜாபைப் பிடித்திருக்கும் தட்டில் அவற்றைப் பொருத்து. நடுவில் கிளாம்பைத் தளர்த்தாதே, தட்டோடு சேர்த்தே திருப்பு. மூன்றும் ஒரே கோட்டில் வரக்கூடாது. இடைவெளிகள் சமமில்லாமல் இருந்தால் எது எந்தப் பால் என்ற குழப்பம் வராது. எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. 100 மி.மீ. இடைவெளியில் ஒரு பால் 5 மைக்ரான் பிசகினால், 300 மி.மீ. தள்ளியிருக்கும் துளையில் அது ஏறக்குறைய 15 மைக்ரானாகிவிடும்.

முதல் நிலையில் டிராயிங் டேட்டத்திலிருந்து பால்களின் மையங்களை அளந்து சேமி. திருப்பியபின் ஜாய்ஸ்டிக்கால் ஒவ்வொரு பாலையும் தோராயமாகத் தொட்டுக் காட்டு. இதைச் செய்யாமல் புரோகிராமை ஓட்டினால் ப்ரோப் நேராக ஜாபில் போய் மோதும். பிறகு மெஷினே அந்தப் பால்களை நிதானமாக மறுபடி அளக்கட்டும். அந்த மையங்களைப் பழைய எண்களோடு பொருத்தியதும், டிராயிங்கின் அச்சுகள் இந்த நிலைக்கும் வந்துவிடும்.

இங்கே அவசரப்படாதே. பால்களுக்கு இடையிலுள்ள மூன்று தூரங்களையும் இரண்டு நிலையிலும் ஒப்பிடு. சில மைக்ரானுக்குள் ஒத்துப்போக வேண்டும். சாஃப்ட்வேர் எப்படியாவது பொருத்திக் காட்டிவிடும், தவறைத் தானாக உரக்கச் சொல்லாது. தூரம் மாறியிருந்தால் பாலில் கூலன்ட் ஒட்டியிருக்கலாம், ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் வெப்பம்தான். அறை 20 டிகிரி, வெளியே ஷாப்பில் 35. அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் நீளும். 300 மி.மீ. ஜாப் சூட்டோடு உள்ளே வந்தால் 100 மைக்ரான் பெரிதாக இருக்கும். நீ அளக்க அளக்கச் சுருங்கிக்கொண்டே போகும். தட்டும் அப்படித்தான். ஆறும்வரை காத்திரு. டெஸ்பாட்ச் வண்டி வாசலில் நிற்கிறது என்று யார் சொன்னாலும் சரி.

ஸ்டைலஸ் விஷயத்திலும் ஒரு கண் வை. முதல் நிலைக்கு ஒரு முனை, இரண்டாவதற்கு வேறு முனை என்றால் இரண்டையும் அசையாத ஒரே மாஸ்டர் பாலில் காலிபிரேட் செய்திருக்க வேண்டும். 1972-ல் கான்கார்டு எஞ்சின் குழாய்களை அளப்பதற்காக டேவிட் மெக்மர்ட்ரி உருவாக்கிய டச் ப்ரோப்பின் வாரிசுகள்தான் உன் கையில் இருப்பவை. நுட்பமானவை, தட்டினால் கெடும்.

கடைசியாக ஒரு சோதனை. இரண்டு பக்கமும் எட்டுகிற ஊடுதுளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திருப்பும் முன்னும் பின்னும் அதே ஆழத்தில் அளந்து பார். அதன் மையம் எவ்வளவு தள்ளி வருகிறதோ, திருப்பியதில் நுழைந்த பிழை கிட்டத்தட்ட அவ்வளவு. டாலரன்ஸ் 50 மைக்ரானாக இருந்து இது 5-க்குள் நின்றால் தொடர்ந்து அளக்கலாம். 20 வந்தால் நிறுத்திவிட்டுப் பால்களிலிருந்து மறுபடி ஆரம்பி. அந்த எண்ணையும் ரிப்போர்ட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடு, தணிக்கைக்கு வருபவர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.