விரல் மடங்காவிட்டால் கோலம் போச்சா?

நம்பிக்கை: சரவாங்கி வந்தால் கைகாலை அசைக்காமல் ஓய்வாக இருப்பதே நல்லது.

உண்மை: முடக்கு வாதம் என்கிற சரவாங்கி தேய்மானத்தால் வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருகிறது. 'உழைத்துத் தேய்ந்த மூட்டு, இனி தொடாதே' என்ற கணக்கு இங்கே செல்லாது. வீக்கமும் சூடுமாகச் சீறும் நாட்களில் மூட்டுக்கு ஓய்வு வேண்டும்தான். மற்ற நாட்களிலும் முடங்கிக் கிடந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும். நடக்கலாம், நீந்தலாம். முடித்து 2 மணி நேரமாகியும் வலி தணியவில்லை என்றால் அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த தடவை குறைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: விரலில் பிடிப்பு போனால் கோலத்துக்கும் முழுக்கு.

உண்மை: சிக்கல் பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது. இந்த நோயின் இறுக்கம் விடிகாலையில்தான் அதிகம். 1 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். நாம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மாவைக் கிள்ளுவதும் அதே நேரத்தில்தான். ஆள்காட்டி விரல், நடுவிரலின் அடிமூட்டுகளோ இந்நோய் ஆரம்பத்திலேயே பிடிக்கும் இடங்கள். மார்கழி விடியல்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல், விளக்கு வைக்கும் முன் முக்காலியில் உட்கார்ந்து போடலாம். கோலக் குழாயை உருட்டினாலும் குறைச்சல் இல்லை, மாமியார் என்ன சொன்னாலும் சரி. கோலம் மட்டுமல்ல, படம் வரையும் பென்சிலோ தோட்டத்துக் களைக்கொத்தோ, பிடியில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மண்ணில் கை வைக்குமுன் கையுறை போடட்டும்; முள் கீறினாலும் தொற்று வரலாம்.

நம்பிக்கை: ஓவியர் ரெனுவார் தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டு வரைந்தார்.

உண்மை: நோயாளியைத் தியாகியாக்கிப் பார்ப்பதில் நமக்கு அலாதி ருசி. ஏறக்குறைய 50 வயதில் இந்த நோய் பிடித்த அந்தப் பிரெஞ்சுக்காரர், 1919-இல் 78 வயதில் இறக்கும்வரை வரைந்தார். கையில் கட்டு இருந்தது நிஜம். ஆனால் அது மடங்கிய விரல்கள் உள்ளங்கைத் தோலைப் புண்ணாக்காமல் இருக்கச் சுற்றிய துணி. தூரிகையை மற்றவர்கள் விரலிடுக்கில் வைத்துக் கொடுத்தார்கள். பெரிய படம் என்றால் கான்வாஸை உருளைகளில் சுற்றி, வேண்டிய பகுதியைக் கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்திக்கொள்வார்.

நம்பிக்கை: மனசு சந்தோஷமாக இருந்தால் மாத்திரை தேவையில்லை.

உண்மை: தேவை. மூட்டு சிதையாமல் தடுப்பது மருந்துதான். வலி விட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் நோய் மறுபடி சீறும். மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்திருந்தால் அது வாரத்துக்கு ஒரே நாள்; தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.