உதவி: முடிவெடுப்பது யார்?

1942-இல் கிரேக்க நாட்டில் கடும் பஞ்சம். அங்கு உணவு சேர வேண்டும் என்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் சிலர் ஒரு குழு அமைத்தார்கள். அதுவே பின்னர் 'ஆக்ஸ்ஃபாம்' என வளர்ந்தது. பணம் ஓர் ஊரில், பசி வேறோர் ஊரில். முடிவெடுப்பதோ பெரும்பாலும் பணம் இருந்த ஊர். சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் பல நெடுங்காலம் இப்படித்தான் இயங்கின.

அந்த நிலை மெல்ல மாறி வருகிறது. 1972-இல் வங்கதேசத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய 'பிராக்', 2002-இல் ஆப்கானிஸ்தானுக்கே உதவச் சென்றது. 2016-இல் இஸ்தான்புல் மாநாட்டையொட்டி ஓர் ஒப்பந்தம் உருவானது. நிவாரண நிதியில் 25 சதவீதத்தை 2020-க்குள் பாதிக்கப்பட்ட நாட்டு அமைப்புகளுக்கே தருவதாக நன்கொடையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் குறித்த காலத்தில் அது நிறைவேறவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க அரசின் 'யு.எஸ்.எய்டு' தன் உதவிப் பணிகளை நிறுத்தியது. அயலார் பணத்தையே நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். அயல்நாட்டு நன்கொடையைப் பெறும் ஓர் அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தர 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை விதித்தது. பெரிய அமைப்பின் வழியாக உதவி பெற்றுவந்த சிறிய கிராம அமைப்புக்கு அந்த வழி அடைபட்டது.

இனி சர்வதேச நிறுவனங்களின் வேலை, உள்ளூர் அமைப்புகளுக்குப் பயிற்சியும் நிதியும் தந்து, முடிவை அவர்களிடமே விடுவதுதான் என்பது என் கருத்து. நிவாரண லாரிகள் திரும்பிய பிறகும் அந்த ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தானே!

அடுத்த முறை வெள்ள நிவாரணத்துக்குப் பணம் தரும்போது நாமும் ஒரு கேள்வி கேட்போம்: "அந்த ஊரில் இதை முடிவு செய்வது யார்?"