நீரின் அடையாளம்

பார்வைக்கு எல்லா நீரும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் அனைத்தும் ஒரே எடை கொண்டவை அல்ல. பெரும்பாலானவை ஆக்சிஜன்-16, மிகச் சிலவே எடை கூடிய ஆக்சிஜன்-18. இவ்வகை அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். மழைநீரில் இவற்றின் விகிதம் இடத்திற்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப மாறுபடும். நீர் நிலத்தடிக்குச் சென்ற பின்னர் அவ்விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை.

எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நாடுகளின் பாலைவனத்தின் கீழ் நூபிய நிலத்தடி நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. அந்நீரின் விகிதம் இக்கால மழைநீரோடு ஒத்துப்போகவில்லை. அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், அப்பகுதி செழிப்பாக இருந்தபோது பெய்த மழை என ஆய்வுகள் காட்டின. இன்று அங்கு மழை மிக அரிது. இறைத்த நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊறுவதில்லை. எனவே, அதனைக் கூட்டாகப் பேண 2013இல் நான்கு நாடுகளும் உடன்பட்டன.