மாட்டைப் பற்றிப் படிக்கவும் பல்கலைக்கழகம் உண்டு



"படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று பிள்ளைகளை ஏசாத வீடு நம்ம லயங்களில் குறைவு. அந்த மாட்டைப் பற்றியே நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கலாம், அதுவும் பதுளையிலேயே வாங்கலாம் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். பெரகல பக்கத்துத் தோட்டங்களில் இதைச் சொல்லும்போது நமக்குக் கிடைக்கும் பதில், "அதுக்கு எதுக்குங்க கம்பஸ்? நம்ம ஆயா காலத்துல இருந்து செய்யிறதுதானே?" என்பதுதான். நியாயமான கேள்வி. அந்தப் படிப்பில் உள்ள ஒன்றிரண்டு விசயங்களையே இங்கே பார்ப்போம்.

பசு 21 நாளைக்கு ஒருமுறை சினைக்கு வரும். மாடு கத்துது, மற்ற மாட்டின் மேல் ஏறுது, தன்மேல் ஏறினால் அசையாமல் நிற்குது. இதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் ஊசிக்குச் சொல்லியனுப்புவது எப்போது? அந்த வேட்கை ஒரு நாள் கூட நீடிக்காது. அது அடங்கிச் சுமார் 10 முதல் 12 மணித்தியாலம் கழித்துத்தான் முட்டை வெளிவரும். வெளிவந்த முட்டைக்குச் சில மணித்தியாலமே ஆயுள். அதனால் காலையில் கண்டால் அன்று பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும். பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் கவனிக்காமல் விட்டால் இன்னும் 21 நாள் சும்மா தீனி போட வேண்டியதுதான். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்றுக்குக் கன்று இடைவெளி நீண்டால் வீட்டு வருமானம் எங்கே போகிறது என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அடுத்தது புல்லு. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து புல்லைப் புளிக்கவைத்து உடைக்கின்றன. ஒருவகையில் நாம் தீனி போடுவது மாட்டுக்கு அல்ல, அந்த நுண்ணுயிர்களுக்கு. முற்றிப்போன தண்டு வந்தால் அவையும் திணறும். கொழுந்து எடுக்கும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை, முற்றின இலைக்கும் இளம் இலைக்கும் வித்தியாசம் தெரியாதவர் நம்மில் யார்? இப்போது பலர் நட்டிருக்கும் கோ-3 புல் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. அதை முதல் வெட்டுக்குப் பிறகு ஏறக்குறைய 45 நாளைக்கு ஒருமுறை வெட்டுவது நல்லது. உயரமாக வளரட்டும் என்று விட்டால் கட்டு பெரிசாகும், சத்து குறையும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கறக்கும் பசுவுக்கு நாளைக்கு ஒரு வாளி, இரண்டு வாளி காணாது. 50, 60 லீற்றர் கூடக் குடிக்கும். பீலித் தண்ணீரைச் சுமந்து வரும் வீட்டில் இது லேசான காரியம் அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் தீனியைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் பால் கூடாது.

ஆயாவுக்குத் தெரிந்த வேலைதான் இது. அதற்குக் காரணம் சொல்லவும் அளந்து பார்க்கவும் கற்றுக்கொடுப்பதுதான் விலங்கு விஞ்ஞானம். தீனி, இனவிருத்தி, பால் பதனிடல், கோழி வளர்ப்பு, இறைச்சி, பண்ணைக் கணக்கு எல்லாம் இதில் அடக்கம்.

பதுளையில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இது நான்கு வருடப் பட்டப்படிப்பு. பெரகலயில் பஸ் ஏறினால் ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல வழியாகப் போய்ச் சேரலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். மிருக வைத்தியராக வேண்டும் என்றால் பேராதனையின் மிருக வைத்திய பீடத்துக்குத்தான் போக வேண்டும், அதற்குப் புள்ளி அதிகம் தேவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விலங்கு விஞ்ஞானப் பட்டதாரி மிருக வைத்தியராகப் பதிய முடியாது. அவர் வேலை பண்ணைகளில், பால் கம்பனிகளில், தீவன ஆலைகளில், ஆராய்ச்சியில். பட்டம் வாங்கினவுடன் அரசாங்க உத்தியோகம் காத்திருக்கும் என்று நாம் யாருக்கும் சொல்வதில்லை.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளவர்களுக்கு மகாபொல உதவியும் உண்டு. அப்படியானால் தடை எங்கே? சாதாரண தரம் முடிந்த அந்த மாதங்களில்தான். பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு மட்டுமே இருக்கிறது என்று பிள்ளையை அங்கேயே சேர்த்துவிட்டால் இந்தக் கதவு அன்றைக்கே மூடிவிடும். இதற்கு உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். தமிழில் அந்தப் பிரிவு எந்தப் பாடசாலையில் நடக்கிறது, இரசாயனவியலுக்கு ஆசிரியர் உண்மையாகவே இருக்கிறாரா என்று பெறுபேறு வருமுன்னே போய் விசாரியுங்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பில் சேர்த்து என்ன பிரயோசனம்? பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில். பத்தாம் வகுப்பிலிருந்தே பிள்ளை நாளைக்கு ஒரு பக்கமாவது வாசிக்கட்டும்.

பெரும்பாலான விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 மாவட்ட அடிப்படையிலும் போகும். மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே கொழும்புப் பிள்ளைக்குக் காணாத புள்ளி நம்ம பிள்ளைக்குக் காணலாம். "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விண்ணப்பமே போடாமல் இருப்பதைத்தான் நாம் அதிகம் காண்கிறோம்.

மாவட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் பெற்றோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் வருடாவருடம் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடப் பதிவைக் கேட்பார்கள். கிராம சேவகரிடம் போகும்போது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். ஒன்றில் "முத்தையா", மற்றதில் "முத்தையன்" என்று இருந்தால் பரீட்சைக்கு முன்னேயே திருத்த மனுப் போட்டுவிடுங்கள். பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். பெயர் திருத்தம் அதற்குள் முடியாது.