கிளிப் மாட்டினால் தாடை மூட்டு கெடுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கீழ்த்தாடை உள்ளடங்கி, மேல் பற்கள் துருத்திக்கொண்டிருந்ததால் 'ட்வின் பிளாக்' கிளிப் மாட்டியிருக்கிறார்கள். ஐந்து நாளாகிறது. காலையில் எழுந்ததும் காதோரம் வலிக்கிறது என்கிறாள். வாயைத் திறந்தால் 'டக்' என்ற சத்தமும் கேட்கிறது. இது தாடை மூட்டைக் கெடுத்துவிடுமா? கழற்றி வைத்துவிடலாமா?

பதில்: நீங்களாகக் கழற்றி வைக்க வேண்டாம் அம்மா. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் அசைவதுதான் தாடை மூட்டு. உங்கள் மகள் அணிந்திருக்கும் கிளிப், கடிக்கும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவருகிறது. இந்த இடம் தசைகளுக்குப் புதிது, அதனால்தான் வலி. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் குறைந்துவிடும். விட்டு விட்டு மாட்டினால் தசைகள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

பல் சீரமைப்பால் தாடை மூட்டு நோய் வருமா என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். கிளிப் போட்ட பிள்ளைகளுக்கு அது கூடுதலாக வருவதாக நிரூபணமாகவில்லை. கிளிப் போட்டால் மூட்டு வலி தீரும் என்பதற்கும் ஆதாரமில்லை.

வலியில்லாத 'டக்' சத்தம் இந்த வயதில் சகஜம். அதற்கென்று சிகிச்சை தேவையில்லை. ஆனால் அது கிளிப்புக்கு முன்பே இருந்ததா என்று மகளிடம் கேட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் வலி நீடித்தால், தாடை பூட்டிக்கொண்டால், திறக்கும்போது முகவாய் ஒரு பக்கமாக ஒதுங்கினால், உடனே காட்டுங்கள். அவளுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடியாவிட்டாலும் அப்படித்தான். முழங்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் வீக்கமோ காலை விறைப்போ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் வலியே காட்டாமல் தாடை மூட்டைத் தாக்கலாம். கீழ்த்தாடை வளராமல் போவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அப்போது முதலில் கவனிக்க வேண்டியது அந்த நோயைத்தான்.

இப்போதைக்கு இட்லி, குழைந்த சாதம் கொடுங்கள். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். நகம், பென்சில் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தடுங்கள். மூட்டுக்கு அது வீண் சுமை. அடுத்த முறை போகும்போது, "பல்லோடு மூட்டையும் பாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.