உப்புக்காற்றில் ஹைஃபை றாக்கை

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய வீடுகளில் ஹைஃபை றாக்கைக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மலிவான இரும்பு றாக்கையில் வெல்டிங் மூட்டுகள்தான் முதலில் கறள் பிடிக்கும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை வேண்டவே வேண்டாம். மாரியில் ஈரம் குடித்து ஊதிவிடும். தச்சரிடம் பலா மரத்தில் செய்விப்பதே என் தெரிவு. கதவும் பின்பலகையும் இல்லாமல் கேளுங்கள்: செலவு குறையும், சூடும் வெளியேறும்.

அம்பிளிபயர் பெரும்பாலும் 43 சென்ரிமீற்றர் அகலம் வரும். உள்ளகலம் 50, ஆழம் 45 என்று வைத்தால் பின்னால் வயர்கள் நசுங்காது. அம்பிளிபயருக்கு மேலே 10 சென்ரிமீற்றராவது வெறுமையாக விடுங்கள். இசைத்தட்டுக் கருவி இருந்தால் மேல்தட்டில், மட்டம் பார்த்து வையுங்கள். ஸ்பீக்கர்களை மட்டும் அதே றாக்கையில் ஏற்றாதீர்கள்; அவற்றின் அதிர்வு நேரே ஊசிக்குப் போகும்.